நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி

துணிக்கடை ட்ரையல் ரூம் வாசலில் பதினோரு வருடமாக நிற்கிறேன். எந்தப் பெண் எந்த அளவுக்குள் நுழைவாள், எதை மாட்டிக்கொண்டு முகம் சுளிப்பாள் என்பதெல்லாம் அவள் திரையை இழுத்து மூடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். என் சொந்தத் தங்கையிடம் மட்டும் இந்தத் திறமை எடுபட்டதே இல்லை. தப்பு அவள் மேல்தான் என்று போன வாரம்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளை வீட்டில் குச்சி என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையும் காலும் கழுத்தும் படைக்கும்போது கஞ்சத்தனம் பண்ணிய கடவுள், மார்பு வந்ததும் மனம் மாறித் தாராளமாகிவிட்டார். இந்த உடம்புக்கு டாப் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. இடுப்புக்குப் பொருந்துவது மார்பில் பட்டன் போட விடாது. மார்புக்குப் பொருந்துவது தோளிலிருந்து தொங்கி ஆளையே விழுங்கிவிடும். குச்சிக்கு விழுங்குவதுதான் பிடிக்கும். அதிலும் இரண்டு அளவு பெரியது, உடம்பு முழுக்கப் பூப்போட்டது. அவளுக்குப் பிடிக்கிறதே என்று வருடாவருடம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது நான்தான்.

அவள் செய்வது சைகை மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதைக் காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்வாள், அவர்கள் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். டிவி செய்தியில் மூலைப் பெட்டிக்குள் நின்று சைகை செய்கிறார்களே, அந்த வேலைக்கு ஆறு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தவள். ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். காது கேளாத மூன்று பேர் அவளுடைய ஒத்திகைப் பதிவைப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்பினார்கள். வேகம் நன்று, முகபாவம் மிக நன்று. ஆனால் பூக்களுக்கு நடுவே விரல்கள் தொலைந்துபோகின்றன. சில சொற்கள் வந்தனவா இல்லையா என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு முறை வரவும். ஒரே நிறத்தில், உடம்போடு பொருந்திய உடையில் வரவும். அதுவே கடைசி வாய்ப்பு.

பொருந்திய என்ற இடத்திலேயே குச்சி கடிதத்தை மடித்துவிட்டாள். டிவியும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம் என்றாள். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை கடை திறந்த கையோடு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

முதலில் அவளே ஒன்றைப் பொறுக்கினாள். கழுத்துவரை மூடியது. மூடினால் மறையும் என்பது அவளுடைய கணக்கு. மறைக்க நினைத்தது தாடைக்குக் கீழேயே ஆரம்பித்து இடுப்புவரை ஒரே சுவராக நின்றது. அடுத்தது முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை. மூன்றாவது பட்டன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததால், யார் கண்ணிலாவது தெறிப்பதற்குள் கழற்றச் சொன்னேன். அப்புறம் நெஞ்சில் ஃப்ரில் வைத்தது. கோபத்தில் சிலிர்த்த சேவல் மாதிரி வெளியே வந்தாள். கண்ணாடியைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். சிரித்தால் பாதி வேலை முடிந்தது, இது என் அனுபவம்.

நாலாவதுதான் நான் மனதில் வைத்திருந்தது. கருநீலம். ஒட்டவும் ஒட்டாமல் விறைக்கவும் விறைக்காமல் சற்றுக் கனத்து விழும் துணி. அளவோடு இறங்கும் வி வடிவக் கழுத்து. முழங்கைக்குக் கீழே நிற்கும் கை. மார்புக்குச் சரியான அளவை எடுத்து, தையல்காரியைக் கூப்பிட்டுத் தோளையும் இடுப்பையும் ஊசி குத்திப் பிடிக்கச் சொன்னேன். மார்புக்கு வாங்கு, மீதியைக் குறை. என் தொழில் ரகசியம் மொத்தமும் இவ்வளவுதான். பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். தங்கையிடம் சொன்னதில்லை.

பூவுக்குள் ஒளிந்திருந்தவளுக்கு இடுப்பு இருந்தது, நீளமான கழுத்து இருந்தது. தையல்காரி ஊசியை வாயில் வைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். குச்சி மட்டும் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். கை தெரிகிறதா பார்க்கலாம், நாலு வரி செய்தி சொல் என்றேன். சொன்னாள். கருநீலத்தில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரே ஒரு சைகை மட்டும் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளியே நின்று, எங்கேயோ யாரையோ காட்டுகிற மாதிரி இருந்தது.

“அது என்ன வார்த்தைடி, பாதியிலயே நிக்குது?”

“'நான்'னு அர்த்தம். விரல் நெஞ்சுல படணும்.”

“பட்டா என்ன?”

குச்சி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். “எல்லாரும் அங்கயே பார்ப்பாங்க. நீதானக்கா சொன்ன.”

சொன்னேன்தான். அவளுக்குப் பதிமூன்று வயது, எனக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூடம் கிளம்பினவளை வாசலில் நிறுத்தி, எல்லாரும் அங்கேதான் பார்க்கிறார்கள், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போ என்றேன். அக்கறையில் சொன்னதுதான். தெருமுனைவரை கூடவே நடந்து, ஒழுங்காக அணைத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டும் வந்தேன். நான் அவளுக்குச் சொன்ன புத்திமதி ஆயிரம் இருக்கும். வெயிலில் அலையாதே என்றால் அலைவாள், சீக்கிரம் எழுந்திரு என்றால் போர்வையை இழுத்து மூடுவாள். இந்த ஒன்றை மட்டும் பதினேழு வருடம் சிரத்தையாகக் காப்பாற்றியிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று புரிவதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

“நான் அன்னைக்கு ஒரு மடச்சி. இன்னைக்கும் அதைக் கேட்டுட்டு நிக்கிற நீ என்னைவிட மடச்சி. தொட்டுச் சொல்லு.”

தொடவில்லை. ஊசி குத்தும் என்று சாக்குச் சொல்லிவிட்டுத் திரைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கருநீலத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள், நானும் கூடப் போனேன். பதிவறைக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் அந்த மூன்று பேருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். வெள்ளத்தில் வீடிழந்த ஒரு பெண்ணின் பேட்டியைக் குச்சி சைகையில் சொல்ல வேண்டும். நான் ஓடினேன், நான் கத்தினேன், நான் தனியாக நின்றேன் என்று அந்தப் பெண்ணின் பேச்சு முழுக்க நான், நான். முதல் இரண்டு தடவை குச்சியின் விரல் வழக்கம்போலக் காற்றில் நின்றது. மூன்றாவது தடவை நெஞ்சில் பட்டது. அதற்கப்புறம் அவள் அந்தப் பெண்ணாகவே ஆகிவிட்டாள், தோள் தானாக நிமிர்ந்தது.

திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். மூவரில் மூத்த அம்மாள் இந்தச் சட்டை யார் எடுத்தது என்று சைகையில் கேட்டதைக் குச்சி எனக்குச் சொல்லிவிட்டு, என்னைக் காட்டினாள். அந்த அம்மாள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பூப்போட்டதை எடுத்தது யார் என்பது அடுத்த கேள்வி. குச்சி மரியாதைக்குக்கூடத் தயங்கவில்லை, மறுபடியும் என்னையே காட்டினாள். மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மன்னிப்புக் கேட்பதை எப்படிக் காட்டுவது என்று குச்சியிடம் கேட்டேன். அவர்கள் சும்மா கிண்டல் செய்கிறார்கள், அதற்கெல்லாம் எதற்கு என்றாள். அதட்டியதும் காட்டினாள். மூடிய கையை நெஞ்சில் வைத்து ஒரு சுற்று.

நான் அந்த மூன்று பேர் பக்கம் திரும்பவில்லை. குச்சியைப் பார்த்துக் கையை மூடிச் சுற்றினேன். அத்தனை பேர் எதிரில் கூச்சமாக இருந்தது, கை காற்றிலேயே சுற்றியது. அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, கையை என் நெஞ்சோடு சேர்த்து வைத்தாள்.

“பட வச்சுச் சொல்லுக்கா. இல்லேன்னா புரியாது.”

பட வைத்துச் சொன்னேன்.