தொடாத தேத்தண்ணி

அந்தக் கூட்டத்துக்குப் போகக்குள்ளயே எனக்குக் கொதி ஏறிக் கிடந்தது. கோட்டைக்கு முன்னால உள்ள பழைய கடைத்தெருவ அழகாக்கப் போறாங்களாம். புதுக் கல்லுப் பதிச்சு, ஆக்கள் இருக்க வாங்கு போட்டு, நடுவுல பெரிய நீரூற்று ஒண்டு. படத்தப் பாத்தா வாயப் பொளக்கணும். ஆனா பொம்புளைகளுக்கு ஒரு கக்கூசு? ம்ஹூம், மருந்துக்கும் இல்ல.

நான் அஸீமா. காத்தான்குடியில இருந்து வந்து, அந்தத் தெருவுல பதினாறு வருஷமா சின்னப்புள்ளைகள்ற உடுப்பு விக்கிறன். நடைபாதையில யாவாரம் பண்ற பொம்புளைகள் பத்துப் பேர் நாங்க. காலையில ஒரு மொடக்குத் தண்ணி குடிச்சா, பொறகு பொழுதுபட்டு வீட்ட போய்த்தான் வாய் நனைப்பம். நடுவுல ஏலக்காய் ஒண்ட கடவாயில ஒதுக்கிக்கிட்டு வெயில்ல இருப்பம். ஆம்புளைகளுக்கென்ன, மதில் கிடக்கு, சந்து கிடக்கு. எங்களுக்கு?

போன மாசம் டாக்குத்தர், கிட்னியில ரெண்டு கல்லு எண்டாரு. "ஒண்டு தண்ணி குடிக்கணும், இல்லாட்டி யாவாரத்த விடணும்." யாவாரத்த விட்டா என்ட அடுப்பு எப்பிடி எரியிற? அதான் அண்டைக்கு ஒரு முடிவோட போனன். கக்கூசுக்கு வழி பண்ணாம எழும்புறல்ல.

கூட்டம் வெச்ச அரசாங்கக் கந்தோர்ல நாங்க பத்துப் பேரும் மேசையச் சுத்தி இருந்தம். திட்டத்துக்குப் பொறுப்பான நல்லரத்தினம் சேர் கெட்ட மனுஷன் இல்ல, சிரிச்சுக் கதைப்பாரு. பக்கத்துல, புதுத் தெருவுக்குப் படம் கீறின ஆர்த்திகா மிஸ். எல்லாருக்கும் பால் தேத்தண்ணி வந்தது. சேர் ஒரு மணித்தியாலமா நீரூற்றப் பத்தியே கதைச்சாரு, கதைச்சுக் கதைச்சு மூணு கோப்பை குடிச்சாரு. எங்கட கோப்பையெல்லாம் ஆடை கட்டிக் கிடந்தது. அதப் பாத்ததும் மனுஷன்ட முகம் சுருங்கிப் போச்சு.

"என்ன ராத்தா, எங்கட கையால தந்தா குடிக்க மாட்டீங்களோ? இன்னும் அந்த மனஸ்தாபம் போகல்லையா?"

யா அல்லாஹ்! தமிழாக்கள் தந்தத முஸ்லிமாக்கள் தொடல்ல எண்டு நினைச்சிட்டாரு. இந்தப் பக்கத்துல எதுக்கும் முதல்ல வாற சந்தேகம் அதுதானே. எனக்கு வெக்கமாவும் போச்சு, ஆத்திரமாவும் போச்சு.

"இஞ்ச பாருங்க சேர்," எண்டு பக்கத்துல இருந்த சீதேவிப்பிள்ளை அக்காட கோப்பையத் தூக்கிக் காட்டினன். கீரை விக்கிற மனுஷி, நெத்தி நிறையத் திருநீறு. "இவ ஒங்கட ஆள்தானே? இவ குடிச்சாவா?"

சேர் கோப்பைய எட்டிப் பாத்தாரு.

"குடிச்சா எங்க தம்பி போற?" எண்டு கேட்டா அக்கா.

நான் விட்டுக்கொடுக்கல்ல. கிட்னிக் கல்லையும் சொன்னன், ஏலக்காயையும் சொன்னன், மாசத்துல வாற அந்த நாலு நாளையும் சொன்னன். வெக்கத்த வீட்டுல வெச்சிட்டுத்தான் வந்திருந்தன்.

ஆர்த்திகா மிஸ் தன்ட கோப்பைய மெல்ல முன்னுக்குத் தள்ளினா. அதுவும் தளும்பத் தளும்பக் கிடந்தது. "தெருவுல அளக்கப் போற நாளையில எனக்கும் இதே கததான் சேர்," எண்டா. படத்த இழுத்தெடுத்து, நீரூற்றுக்கு மேல சிவப்புப் பேனையால கோடு போட்டா. அந்த இடத்துல நாலு அறை கீறினா. என்ட நெஞ்சு குளுந்து போச்சு.

"இத மாத்தி மேல அனுப்ப என்ட கையெழுத்து வேணுமே," எண்டாரு சேர். "யோசிச்சு அடுத்த மாசம் பாப்பம்."

அடுத்த மாசமாம்! எத்தின அடுத்த மாசத்த நான் பாத்திட்டன்.

"இப்பவே யோசிங்க சேர். நாங்க இருக்கம்."

"எவ்வளவு நேரம் ராத்தா இருப்பீங்க?"

"நாங்க பன்னெண்டு மணித்தியாலம் அடக்கிப் பழகின ஆக்கள். நீங்கதான் மூணு கோப்பை குடிச்சிருக்கீங்க. கையெழுத்து வெக்காம ஒருத்தரும் எழும்புறல்ல சேர், நீங்களும்தான்."

சேர் கதிரையில ஒருக்கா நெளிஞ்சாரு. பொறகு பேனையத் தேடினாரு.