இரண்டாம் பூச்சு

சனிக்கிழமை விடிந்தால் போதும், கொக் செங் வாளியும் ஷாம்புவுமாகக் காரிடம் போய்விடுவார். கழுவித் துடைத்து, சக்கரத்து இடுக்கையெல்லாம் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகு பூசி முடிக்கையில் பதினொரு மணி. என் வீங்கின காலை ஒருநாளாவது இப்படிக் குனிந்து பார்த்திருப்பாரா இந்த மனுஷன் என்று அவர் மனைவி யோக் குவானுக்கு வயிறெரியும்.

அன்று அவளுக்கு டயாலிசிஸ். கிளம்பும் நேரம் பார்த்து ஈப்போவில் மழை பிடித்துக்கொண்டது.

"இப்பத்தான் ரெண்டாவது பூச்சு போட்டேன், இன்னும் காயல. வாடகைக் கார் கூப்பிட்டுக்கயேன். திரும்பி வர்றப்ப மழை விட்டிருந்தா நானே வரேன்."

"விடலன்னா?"

பானெட்டில் ஏதோ விரல் ரேகை தெரிந்துவிட்டது அவருக்கு.

வந்த கார் முழுக்கச் சேறு. டிரைவர் ஹைகல் குடையோடு ஓடிவந்து, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினான். கூரையடியில் பளபளத்து நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"வீட்லயே கார் நிக்குதே ஆன்ட்டி, ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் எனக்குத்தாம்பா. அதுக்கு மழை உடம்புக்கு ஆகாதாம்."