ஹெட்விக்கின் ரேடியேட்டர்

ரோஸ்வித்தா, சன்னலடியில் இருந்த, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள். மாமியாரைப் புதைத்த ஈரமண் இன்னும் அவள் செருப்பில் ஒட்டியிருந்தது.

இரண்டு தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சுமெத்தையாக அடைத்துக் கிடந்தது. அடக்கம் முடிந்து காப்பிக்கு ஆட்கள் வருவார்களே என்று கல்லறையிலிருந்து முன்னாலேயே மாமியார் வீட்டுக்கு வந்து சூட்டைத் திருப்பிவிட்டிருந்தாள். சற்று நேரத்தில் கருகல் நாற்றம் கிளம்பியது; அதனால்தான் மூடியைக் கழற்றினாள். மாமியார் ஹெட்விக் சிக்கனக்காரி. குளிர்காலம் முழுக்கச் சமையலறையிலேயே உட்கார்ந்திருப்பாள். விருந்தாளி அறையில் சூடு போட்டு எத்தனை வருஷமோ!

அந்த ஹெட்விக்தான் மகன் வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கூடக் கழற்றாமல் நேராக ரேடியேட்டருக்குப் போவாள். மூடி இடுக்கில் கைக்குட்டையை நுழைத்து எடுத்து, அதை வெளிச்சத்தில் காட்டுவாள். மறுநாள் கோப்பிங்கன் ஊரில் அவள் குடியிருந்த இந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும், ரோஸ்வித்தா வீடு குப்பை என்று. கல்யாணப் பரிசாக அவள் கொடுத்ததே ரேடியேட்டர் துலக்கும் நீளக் காம்பு பிரஷ்தான். அதே மாதிரி இன்னொன்று அவள் சமையலறை ஆணியில், வருகிறவர் கண்ணில் படும்படி தொங்கியது. ரோஸ்வித்தா போய் அதை எடுத்துப் பார்த்தாள். கடை விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

"எக்கார்ட்! இங்க வாங்க. உங்கம்மாவோட சுத்தத்தைக் கண் குளிரப் பாருங்க."

நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த கணவன் வந்து குனிந்து பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

"அம்மாவால குனிய முடியல, ரோஸி. முழங்கால்..."

"வாய் குனியலையே! அது நல்லா நிமிர்ந்துதானே இருந்துச்சு?"

"மூடிடு. ஆளுங்க வர்ற நேரம்."

"மூட மாட்டேன். வர்றவங்க எல்லாரும் பார்க்கட்டும். இருபது வருஷமா நான் பட்டதுக்கு இது கூட இல்லையா?"

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத சந்தோஷம். மூடியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள், எக்கார்ட் எடுத்துப் போட்டுவிடக் கூடாதே என்று.

மணி அடித்தது. எதிர்வீட்டு ஹெஃபலே அம்மாள்தான். மற்றவர்களெல்லாம் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கேக்கைத் துணி போட்டு மூடிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள். ஹெட்விக்கின் உயிர்த்தோழி. கல்லறையில் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தவள். கைக்குட்டை நனையவே இல்லை என்பதை ரோஸ்வித்தா கவனித்திருந்தாள்.

வாசலிலேயே ஹெஃபலேயின் மூக்கு விடைத்தது.

"என்னமோ கருகுதே? பழைய தூசி வேகற மாதிரி..." கண்கள் சன்னல் பக்கம் போயின. அழுது ஓய்ந்ததாகச் சொல்லிக்கொண்ட அந்தக் கண்களில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். "நம்ம ஹெட்விக் வீட்டுலயா? அட கடவுளே! ஊருக்கே உபதேசம் பண்ணுவாளே..."

கேக்கை மேசையில் வைத்துவிட்டு அவள் ரேடியேட்டரை நோக்கி நடந்தாள்.

அந்தக் கிழவியைத் திட்ட உனக்கு என்னடி பாத்தியதை, என்று ரோஸ்வித்தாவுக்குப் பொங்கியது. பட்டவள் நான். பேசினால் நான் பேசுவேன். இரண்டே எட்டில் போய், ரேடியேட்டரை மறைத்து, அதற்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

"நான்தான். பின்னல் ரொட்டியைச் சூடு பண்ண வச்சுட்டு மறந்துட்டேன். கரியாப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

ஹெஃபலேயின் வெளிச்சம் அணைந்தது. பிறகு வேறு விதமாக எரிந்தது.

"ஹெட்விக் சரியாத்தான் சொன்னா. என் மருமகளுக்கு அடுப்பும் வராது, துடைப்பமும் வராதுன்னு."

"ஆமா. சரியாத்தான் சொன்னாங்க."

எக்கார்ட் காப்பிக் கூஜாவோடு வாசலில் நின்று மனைவியையே பார்த்தான்.

காப்பி முடியும் வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. உட்காரச் சொன்னார்கள், முதுகுவலி என்றாள். மருமகள் நிற்க மகன் பரிமாறுகிறானே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். காலுறை வழியே கெண்டைக்கால் சுட்டது. எதிரே ஹெஃபலே எல்லாருக்கும் கேட்கும்படி, இந்த வீட்டில் தட்டே வேண்டாம், தரையில் போட்டுச் சாப்பிடலாம், அப்படி ஒரு சுத்தக்காரி என்று புகழ்ந்துகொண்டிருந்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ரோஸ்வித்தாவும் ஆட்டினாள்.

கடைசி ஆள் போனதும் சூட்டை அணைத்தாள். ஆறியபின் கீழே ஈரச் செய்தித்தாளை விரித்து, ஆணியில் தொங்கிய பிரஷை எடுத்துச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு உள்ளே விட்டாள். தூசி கத்தை கத்தையாக விழுந்தது. அவற்றில் ஒரு வெள்ளைத் தலைமுடியும் சுருண்டிருந்தது. ஒரு நிமிஷம் பிரஷ் நின்றது. பிறகு மறுபடி ஏறி இறங்கியது.

தாளைச் சுருட்டியதும் எக்கார்ட் கை நீட்டினான்.

"கொடு. கீழ குப்பைத் தொட்டியில போட்டுட்டு வர்றேன்."

"போடுவீங்க. அந்த ஹெஃபலே தினமும் தொட்டியைத் திறந்து யார் என்ன போட்டாங்கன்னு பார்க்கிறவ. புத்தி இருக்கா உங்களுக்கு?"

பொட்டலத்தை இன்னொரு தாளில் இறுக்கிச் சுற்றித் தன் கறுப்புக் கைப்பையில் வைத்தாள். மூடியைப் பொருத்தினாள். பிரஷைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

படியில் இறங்கும்போது எதிர்வீட்டுக் கதவு விரல்கடை திறந்தது. ரோஸ்வித்தா தலை நிமிர்த்தி, பை சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.