தவளைக்கு எத்தனை வோல்ட்

எங்கள் ஊரில் மழை விண்ணப்பம் தவளை வழியாகத்தான் போகும். தவளை மைக்கில் சொல்லும், பஞ்சாயத்து ஆம்ப்ளிஃபயர் அதை மொட்டைமாடிக் குழாய் ஒலிபெருக்கிக்குத் தள்ளும், மேகம் கேட்டுப் பெய்யும். ஆம்ப்ளிஃபயரில் பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி ஒரே ஒரு கண்ணாடி வால்வுதான். மேகத்திடம் ஒருவர்தான் பேச வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு.

இந்த வருஷம் மூன்று மாதமாகச் சொட்டு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பெய்யாவிட்டால் எங்கள் மேகங்களைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவதாக மேலிருந்து தாக்கல் வந்துவிட்டது. என் கடலைச் செடி அதற்குள் தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

வியாழக்கிழமை தலைவர் உக்கிரபாண்டி வயர்மேனை வைத்து நானூறு வோல்ட் கொடுத்தார். வால்வு இழுக்க வேண்டிய லோடை, அதாவது சுமையை, இரண்டாயிரத்து ஐந்நூறு ஓமில் வைத்தார்கள்; அதில்தான் சத்தம் அதிகம். நான் வேண்டாமென்றேன். ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பொம்பளை பேச்சை யார் கேட்கிறார்கள்? வால்வின் தகடு பழுத்துச் சிவந்தது. மேகங்கள் அதைப் பார்த்துப் பொழுது சாய்ந்துவிட்டதென்று காலை பதினொரு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பின. நின்ற ஒன்றிரண்டும் கோபித்துக்கொண்டு போயின. குரல் பிசிறடித்ததில் தவளையின் விண்ணப்பம் அவற்றுக்கு வசவாகக் கேட்டிருக்கிறது. தவளைக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை கிராஃப் தாளோடு போய் உட்கார்ந்தேன். வால்வு தாங்குகிற சூட்டைத் தாண்டாமல் ஒரு கோடு போட்டேன். இருநூற்றெண்பது வோல்ட், லோடு ஐயாயிரம் ஓம்.

“ஏம்மா செல்வராணி, குறைச்சா மேல எப்படிம்மா கேக்கும்?” என்றார் தலைவர்.

“சத்தம் குறையும் தலைவரே, சொல்றது தெளிவாப் போகும். செத்த பேசாம இருங்க.”

தவளை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. மெலிசான குரல், ஒரு பிசிறில்லை. மேகங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்னவோ மரியாதையாகச் சொல்கிறதே என்று காதுகொடுக்கக் குனிந்தன. இன்னும் குனிந்தன. தண்ணீர்க் குடத்தைச் சாய்த்த மாதிரி அத்தனையும் கொட்டிவிட்டது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடலை நிமிர்ந்தது. தலைவர் நனைந்துகொண்டே, “நீ சொன்னதுதாம்மா சரி” என்றார். ஊர் கேட்க இன்னொரு தரம் சொல்லவைத்தேன்.

குனிந்ததில் ஒரு மேகத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தலைவர் அதற்கு எங்கள் தெருவிலேயே கதவு எண் போட்டுக் கொடுத்துவிட்டார். மதியம் தைலம் தேய்த்துவிடப் போனேன். இடது பக்கம் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கச் சொன்னது.