இரு மடங்கு ஆற்றல்

அண்ணன் ஓங்கி விட்ட அறையில் அவள் மூக்குக் கண்ணாடி பறந்து மேசைக்கு அடியில் விழுந்தது. கன்னம் திகுதிகுவென்று எரிந்தது.

அப்படி என்ன கேட்டுவிட்டாள்? வைரப் படிகத்தைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு தடவை அளக்கலாம் என்றாள், அவ்வளவுதான். எக்ஸ் கதிரின் இரண்டு துகள்கள் படிகத்துக்குள் சேர்ந்து, இரு மடங்கு ஆற்றலோடு ஒரே துகளாக வெளிவரும். அதை எண்ணத்தான் அண்ணனும் தங்கையும் நாலு வருடமாக நாயாய் உழைத்தார்கள். படிகம் சரியான கோணத்தில் நின்றால்தான் அது நடக்கும். திருப்பினால் எண்ணிக்கை விழ வேண்டும். விழாவிட்டால், ஒரே நேரத்தில் வந்த இரண்டு சாதாரணத் துகள்களைக் கருவி ஒன்றாக எண்ணி ஏமாற்றுகிறது என்று அர்த்தம்.

அண்ணனோ சாதித்துவிட்டோம் என்று போன வாரமே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான். பன்னிரண்டு மணிக்கு இந்தக் கதிரைப் பயன்படுத்த அடுத்த குழு வந்துவிடும். இன்னும் அரைமணிதான்.

"வந்த எண்ணிக்கை போதும். வாய மூடு."

"பொய்னு தெரிஞ்சா நம்ம மூஞ்சியில காறித் துப்புவாங்கண்ணா."

அவன் கதிரை நிறுத்தி, படிகம் இருந்த அறையின் ஈயக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தான். பின்னால் ஓடிச் சட்டையைப் பிடித்தாள். முழங்கையால் மூக்கில் இடித்தான், ரத்தம் கொட்டியது. கைக்கு அகப்பட்ட ஸ்பானரால் அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். பாவி, அசையவில்லை. அவள் முடியைப் பற்றி இரும்புச் சட்டத்தில் மோதினான். ஸ்பானரைப் பிடுங்கிப் படிகத்தின் மேல் போட்டான் ஒரு போடு. நகமளவு வைரத் தகடு தூள்தூளானது.

"இப்ப எதத் திருப்புவ? திருப்பு, பாப்போம்."

அவள் தட்டுத்தடுமாறி எழுந்தாள்.

"படிகமே இல்லன்னா எண்ணிக்கை பூஜ்யம் ஆகணும்ல? இதவிட நல்ல சோதனை ஏதுண்ணா?"

அவன் முகம் செத்துப்போனது. இருவரும் வெளியே வந்ததும் கதவைப் பூட்டி, கதிரைத் திறந்தாள். கதிரின் வழியில் இப்போது வெறும் காற்றுதான்.

திரையில் எண் ஏறியது. நிமிடத்துக்கு நாற்பது. காலையிலும் அதே நாற்பதுதான்.

"இன்னொரு தடவ பாரு," என்றான் அண்ணன்.

பார்த்தாள். நாற்பத்தொன்று.

அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியவில்லை. எண் விழும், நாலு வருட உழைப்பு நிஜம்தான் என்று ஆகும், அடித்ததற்காக அண்ணன் வெட்கப்படுவான் என்றுதான் கடைசி நொடிவரை நம்பினாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் தேம்பித் தேம்பி அழுதாள்.