கடைசி அடைப்புக்குறி

தொற்றுநோய்களைத் தடுக்க உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தன. அந்த அறையில் என் வேலை தட்டச்சு. எல்லோரும் ஒப்புக்கொண்ட சொற்கள் திரையில் அப்படியே நிற்கும். இழுபறியில் இருப்பவற்றை அடைப்புக்குறிக்குள் போடுவேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. "அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடலாமா?" என்று நான் கேட்டால், "அதை அடைப்புக்குறிக்குள்ள போடு" என்பார் என் கணவர்.

அவர் ஆய்வகத்து டாக்டர். மூன்று வருஷத்துக்கு முன் கோழிப்பண்ணை ஆட்கள் நான்கு பேருக்குப் புதுவிதமான காய்ச்சல் வந்தபோது, அன்றைக்கே உலகத்துக்குச் சொன்னார். நோய் அங்கேயே அடங்கியது. ஆனால் மறுநாளே நாற்பது துறைமுகங்கள் எங்கள் கோழிக்குக் கதவைச் சாத்தின. அண்ணனின் கோழி ஏற்றுமதி படுத்துவிட்டது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் அண்ணன் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

கடைசி நாளன்று மிச்சம் இருந்தது ஒரே அடைப்புக்குறி. 'நோயை முதலில் சொல்லும் நாட்டின் சரக்கைத் தடுக்கக் கூடாது' என்ற வரி. மாலைக்குள் அது தீராவிட்டால் ஒப்பந்தமே இல்லை.

"எங்க ஜனங்களை நாங்க காப்பாத்த வேணாமா?" என்று கேட்ட பெரிய துறைமுக நாட்டுப் பிரதிநிதி அம்மாள் அசையவில்லை. தட்டச்சு மேசையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு.

வியாபாரிகள் தரப்பில் பேச அண்ணன் எழுந்தார். நிபுணர் வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "நான் கோழி விக்கிறவன், அழகாப் பேச வராது. போன மாசம் என் பண்ணையில ரெண்டு பேருக்குக் காய்ச்சல். வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

குனிந்திருந்த கணவர் தலை நிமிர்ந்தார்.

"பத்து நாள் நான் தூங்கல. தானாச் சரியாயிடுச்சு, என்ன காய்ச்சல்னு இன்னிக்கும் தெரியாது. அதோ உக்காந்திருக்காரே எங்க மாப்பிள்ளை, அவர்கிட்ட சொல்லியிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும்."

"ஏன் சொல்லல?" என்றார் பூட்டு.

"நீங்க கதவைச் சாத்திடுவீங்களே அம்மா. இந்த வரி இல்லேன்னா அடுத்த தடவையும் மறைப்பேன். என்னை மாதிரி எத்தனை பேரோ."

பூட்டு தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருபது நிமிஷம் கழித்து வந்தார். "சோதனையில நோய் தெரிஞ்ச சரக்கைத் தவிரன்னு சேருங்க. சோதனை மூணு நாள்ல முடியணும். அப்படின்னா எங்களுக்குச் சம்மதம்."

ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. அவர் சொன்னதைச் சேர்த்துவிட்டு, அவசரத்தில் ஒரு பக்கக் குறியை மட்டும் அழித்துவிட்டேன்.

"மத்ததை யாருக்கு எடுத்து வச்சிருக்கே?" என்று பூட்டு கேட்க, அறையே சிரித்தது. அதையும் அழித்தேன்.

நடைகூடத்தில் கணவர் அண்ணனை வழிமறித்தார். "மச்சான், அந்த ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். நாளைக்குப் பண்ணைக்கு வரட்டுமா?"

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை. அந்த ரெண்டு பேரையும் அங்கேயே வரச் சொல்றேன்."