பூச்சி மீது போட்ட வழக்கு

வக்கீலுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று வீட்டு முகப்பில் இருந்த புல்தரை. மற்றொன்று மூக்குக்குக் கீழிருந்த மீசை. தெருவில் போவோர் புல்தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு மீசையைப் பார்த்து எச்சில் விழுங்க வேண்டும். இரண்டுக்கும் துணையாக ஒரு குரலும் வைத்திருந்தார். அந்தக் குரலைக் காக்க, நாள் தவறாமல் விடியற்காலையில் வெந்நீரும் உப்பும் கலந்த டம்ளரோடு வாசற்படிக்கு வந்து, அண்டை வீட்டாருக்குக் கடிகாரமே தேவைப்படாத அளவுக்குக் கொப்பளிப்பார்.

அந்தப் புல்தரையில்தான், பெருமையின் நடுமார்பிலேயே குத்தியதுபோல், பழுப்பு வட்டங்கள் விழுந்தன.

முதலில் பார்த்தவன் மைத்துனன். மனைவியின் தம்பி, சலூன் வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவன் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டான்.

"என்ன அத்தான், தலையில இருந்த வழுக்கை தரைக்கும் தொத்திக்கிச்சா?"

"பூச்சி, மாப்பிள்ளை. வேரைத் தின்னுது."

"பாத்தீங்களா?"

"பாக்க வேற செய்யணுமா? வேற யாரு செய்வா இந்த வேலையை?"

"பூச்சி இல்லைன்னா?"

சான்று இல்லாத குற்றச்சாட்டைச் சட்டம் ஏற்காது என்று ஊருக்கெல்லாம் முழங்கிய வாய் அது. சொந்தப் புல்லுக்கு முன் அந்தச் சட்டம் எங்கே போயிற்று? மீசையை முறுக்கியபடி, யாரும் கேளாத ஒரு வாக்குறுதியை அந்த வாயே அள்ளி வீசியது.

"பூச்சி இல்லைன்னா இந்த மீசையை நீயே எடுத்துக்க. பூச்சிதான்னு ஆயிட்டா, இந்தப் புல்லு மொத்தத்தையும் உன் கடைக் கத்தரிக்கோலால நீ வெட்டணும். அடுத்த ஞாயிறு தீர்ப்பு."

"அக்கா, நீதான் சாட்சி" என்றான் மைத்துனன், மீசையைத் துணி அளப்பவன்போல் கண்ணால் அளந்துகொண்டே.

அக்காள் புன்னகைத்தாள். ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சளியும் சோதிப்பது அவள் தொழில். அந்த மீசைக்கும் அவளுக்கும் மணநாள் முதல் தீராப் பகை. காப்பி குடித்தால் நுரை அதில் தங்கும். அவர் பேசத் தொடங்கினால் நுரை அவள் மேல் இறங்கும்.

மறுநாளே வக்கீல் மருந்துக் கடைக்குப் படையெடுத்தார்.

"என்ன பூச்சிக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"எல்லாப் பூச்சிக்கும்."

"அப்படிக் குடுக்க முடியாது சார். புல்லு நுனியைத் தின்னுற புழுவுக்கு இது, தெளிக்கணும். மண்ணுக்குள்ள வேரைத் தின்னுற வண்டுப் புழுவுக்கு இந்தக் குருணை, தூவித் தண்ணி விடணும். இது இருக்கே, பூவுல பட்டா தேனீயும் சாகும். எது வந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான்..."

"இருக்கிறதுலயே கொடுமையானது எது?"

கடைக்காரர் தயங்கித் தயங்கி மண்டையோடு போட்ட புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். வக்கீல் அதைக் கோப்பை வென்றவர்போல் மார்போடு அணைத்து வந்தார்.

வாசலிலேயே மனைவி மறித்தாள்.

"யாருக்குங்க இந்தத் தூக்குத் தண்டனை?"

"பூச்சிக்கு."

"விசாரிச்சாச்சா?"

"வட்டம் வட்டமா கண்ணு முன்னாலயே கிடக்கு, இதுக்கு விசாரணை வேறயா?"

"சோதிக்காம மருந்து குடுக்கிறவனை எங்க லேப்ல பூசாரின்னு சொல்லுவோம். மூடியைத் திறக்காதீங்க."

ஒரு வாளித் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, பழுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஊற்றினாள். "புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற புழு எரிச்சல் தாங்காம மேல வரும். வரலைன்னா இல்லைன்னு அர்த்தம்."

சற்று நேரத்தில் மண் அசைந்தது. இளஞ்சிவப்பாய் ஏதோ நெளிந்து வெளியே வந்தது. வக்கீல் துள்ளினார்.

"பாத்தியா, குற்றவாளி!"

"மண்புழுங்க அது. உங்க புல்லுக்குச் சம்பளமில்லாம வேலை செய்யறது. வேலைக்காரனைப் பிடிச்சு ஜெயில்ல போடாதீங்க." அதை எடுத்துக் கழுவி நிழலில் விட்டாள். பிறகு கரண்டியால் புல்லைப் பாய்போல் கிளப்பி அடிமண்ணைப் பார்த்தாள். வேரைத் தின்னும் புழு ஒன்றுகூட இல்லை. மண்மேல் மட்டும் வெண்மையாய் ஏதோ பூத்திருந்தது. அதை விரலில் தொட்டாள், முகர்ந்தாள், வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னவாம்?"

"ஞாயித்துக்கிழமை வரட்டும்."

"பூச்சி தலைமறைவா இருக்கு" என்று தமக்குத்தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார் வக்கீல்.

ஞாயிறு விடிந்தது. மைத்துனன் தோல் பையோடு வந்து படியில் உட்கார்ந்தான். பையிலிருந்து கத்தியை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்தான். அக்காள் நாற்காலி போட்டாள். பெரும் வாதத்துக்கு ஆயத்தமாக, வழக்கமான டம்ளரோடு வெளியே வந்தார் வக்கீல்.

"கனம் கோர்ட்டார் அவர்களே," என்றார் மனைவியைப் பார்த்து. "எதிரியைக் காணவில்லை என்பதால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகாது. இதற்கு முன்பு..." தொண்டை கரகரத்தது. "ஒரு நிமிஷம்."

அண்ணாந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி கொப்பளித்தார். முன்னே குனிந்து, புதிதாய்ப் பச்சையாய் இருந்த ஓர் இடத்தைக் குறிபார்த்துத் துப்பினார். டம்ளரில் மிச்சமிருந்த உப்புநீரையும் அங்கேயே வீசினார்.

வக்கீல் நிமிர்ந்தார். ஈரம் பளபளத்த இடத்தைப் பார்த்தார். அதன் பக்கத்துப் பழுப்பு வட்டத்தைப் பார்த்தார். அதற்கும் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளர் கனத்தது.

"அத்தான், பூச்சி நல்லா வளந்திருக்கு" என்றான் மைத்துனன். "வேட்டி கூடக் கட்டியிருக்கு."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"மண்ணைத் தொட்டப்பவே. உப்பு."

"ஏன் சொல்லலை?"

"நீங்க மீசையைப் பந்தயம் வச்சிருந்தீங்களே. நான் எப்படிங்க குறுக்க வர்றது?"

மேல்முறையீட்டுக்கு வழியில்லை. வாக்குக் கொடுத்தவர் நாற்காலியில் அமர்ந்தார். கத்தி தன் கடமையைச் செய்தது. மனைவி வட்டங்களுக்கு நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சினாள், உப்பு அடிமண்ணுக்கு இறங்கிப் போகட்டும் என்று.

"அந்தப் புட்டி வீட்டுல இருக்கக் கூடாது" என்று சொல்லி, மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். மூடி திறக்காத புட்டியைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் ஒரு பெரிய மீசைக்காரருக்கு இல்ல வித்தேன்? அவரு வரட்டும், எடுத்துக்கறேன்."

"அந்த மீசைக்காரனே நான்தான்யா."

"சாட்சி இருக்கா சார்?"

வக்கீல் நம்பிக்கையோடு மனைவி பக்கம் திரும்பினார். அவள் அந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நிதானமாகப் பார்த்தாள்.

"முகம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைக்காரரிடம். "ஆனா, இவரை எனக்கு நேத்துலேர்ந்துதாங்க பழக்கம்."